உப்பின் கணக்கு

நுழைவாயில்

நீரிழிவு உள்ளவர் இனிப்பைத் தவிர்க்க வேண்டும் என்பதை எல்லா வீடுகளும் அறிந்துள்ளன. அவருடைய தட்டில் விழும் உப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைப் பல வீடுகள் அறியவில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது உணவில் செய்ய வேண்டிய மாற்றங்களை, ஒரு குடும்பத்தின் வாழ்க்கை வழியாக இப்பாடம் விளக்குகிறது.

1. பாட்டியின் வியப்பு

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்து வருகிறது. தந்தை மத்திய அரசு அலுவலர். தாய் தனியார் பள்ளி ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கின்றனர். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்திருந்த பாட்டி, தாத்தாவின் மறைவுக்குப் பின்னர் மகனுடன் வந்து தங்கிவிட்டார்.

பாட்டிக்கு 12 ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. ஆயினும் அவர் மனவுறுதி மிக்கவர். நீரிழிவு என்று தெரிந்த நாள்முதல் காப்பியில் சர்க்கரை சேர்ப்பதில்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைப் படையலிட்டு, பிறருக்குப் பரிமாறுவார், தாம் உண்ணார். "இனிப்பை நான் கண்ணால் பார்ப்பதோடு சரி" என்று பெருமையுடன் கூறுவார்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் இந்தியில் பேசினார். பாட்டிக்கு இந்தி தெரியாது. ஆகவே, பேத்தி இருவருக்கும் நடுவில் அமர்ந்து மொழிபெயர்த்தாள். சர்க்கரை அளவு ஓரளவு கட்டுக்குள் இருந்தது. ஆனால், இரத்த அழுத்தம் 152/92 என்று கருவி காட்டியது. சில நாள்கள் கழித்து அளந்தபோதும் ஏறத்தாழ அதே அளவே இருந்தது.

"இனிப்பைத்தான் நான் தொடுவதே இல்லையே! பிறகு ஏன் அழுத்தம் கூடுகிறது? கேட்டுச் சொல், கண்ணு" என்றார் பாட்டி.

மருத்துவர் அதற்கு மறுமொழி கூறாமல், "பாட்டி மதியம் என்ன சாப்பிடுகிறார்?" என்று பேத்தியிடமே கேட்டார்.

"சாம்பார் சாதம், பிறகு தயிர் சாதம். தொட்டுக்கொள்ள வடுமாங்காய், இரண்டு அப்பளம். சில நாள் மோர்மிளகாய்."

மருத்துவர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதனுடன், "உப்பைக் குறைக்க வேண்டும்" என்றும் கூறினார். பேத்தி அதைத் தமிழில் சொன்னபோது பாட்டியின் முகம் வாடியது. இனிப்பை விட்ட நாவுக்கு எஞ்சியிருந்த சுவை உப்பும் உறைப்பும்தாம். அதையும் விட வேண்டுமா என்பதே அவருடைய கவலை.

2. இரு நோய்களின் உறவு

இதயம் சுருங்கும்போது இரத்தம் குழாய்களின் சுவர்மீது அழுத்துகிறது. இதுவே மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வுகொள்ளும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் அளவு. 120/80 என்பதற்கு அருகில் அல்லது அதற்குக் கீழே இருப்பது இயல்பு. மருத்துவமனையில் வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். நீரிழிவு உள்ளவர்களுக்கு 130/80 என்ற அளவுக்குக் கீழே கொண்டுவருவதைப் பெரும்பாலான மருத்துவர்கள் இலக்காகக் கொள்கின்றனர்.

உப்பு என்பது சோடியமும் குளோரினும் இணைந்த பொருள். உண்ட உப்பிலுள்ள சோடியம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. சோடியம் மிகும்போது குழாய்களில் ஓடும் நீர்மத்தின் அளவும் மிகுகிறது. அதே குழாயில் மிகுதியான நீரைச் செலுத்தினால் சுவர்மீது அழுத்தம் கூடுவது இயல்பன்றோ?

மிகுதியான சோடியத்தை வெளியேற்றும் பணியைச் சிறுநீரகங்கள் செய்கின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நீரிழிவு இந்தப் பணிக்கு இருவழிகளில் இடையூறு செய்கிறது. முதலாவது, இன்சுலின் சரிவரச் செயற்படாத உடலில் கணையம் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த மிகுதியான இன்சுலின், சோடியத்தை வெளியே விடாமல் தக்கவைத்துக்கொள்ளுமாறு சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. இரண்டாவது, இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை குழாய்களின் நெகிழ்வைக் குறைக்கிறது, நுண்வடிகட்டிகளையும் சிதைக்கிறது. ஆகவேதான் நீரிழிவு உள்ள பலருக்கு உயர் இரத்த அழுத்தமும் உடன்வருகிறது.

இவ்விரண்டும் சேரும்போது தீங்கு பன்மடங்காகிறது. விழித்திரை, சிறுநீரகம் ஆகியவற்றிலுள்ள நுண்குழாய்களும், இதயத்திற்கும் மூளைக்கும் செல்லும் பெருங்குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. பார்வையிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியன இவற்றின் விளைவுகள். இவை தோன்றும்வரை பெரும்பாலோர்க்கு எந்த வலியும் தெரிவதில்லை. இனிப்பை விட்டதால் எல்லாம் சரியாயிற்று என்று பாட்டி எண்ணியதற்கு இதுவே காரணம்.

தெரிந்து தெளிக: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவும், 31 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன.

3. ஒளிந்திருக்கும் உப்பு

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. உப்புச் சுவைக்கு மட்டும் பயன்பட்டதன்று. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் உணவைக் கெடாமல் காத்ததும் அதுவே. கோடையில் விளைந்த மாவடு மழைக்காலத்திலும் கிடைக்க வேண்டுமானால் உப்பில் ஊறப்போட வேண்டும். கடலோர ஊர்களில் மீன் மிகுதியாகக் கிடைத்த நாளில் அதனை உப்பிட்டுக் காயவைத்துக் கருவாடாக்கினர். வற்றல், வடகம், மோர்மிளகாய் எல்லாம் இவ்வாறு தோன்றியவையே. அவை முன்னோரின் அறிவுக்குச் சான்றுகள். ஆனால், காலை முதல் மாலைவரை வயலில் வியர்வை சிந்தி உழைத்தவர்களின் உணவு அது. தில்லிக் குளிரில் நாள் முழுதும் வீட்டிற்குள் அமர்ந்திருக்கும் முதியவருக்கு அதே அளவு பொருந்தாது. மேலும், குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்றே கூடுவதும் உண்டு.

உலக நல வாழ்வு நிறுவனம், வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சமமாக வழித்த ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ இந்த அளவே இருக்கும். இதில் சோற்றிலும் குழம்பிலும் இடும் உப்போடு ஊறுகாயில் இருப்பதும் கடையில் வாங்கும் மிக்சரில் இருப்பதும் அடங்கும். சிறுவர்க்கு இதனினும் குறைவான அளவே போதுமானது.

உப்புக் கரிக்காத உணவிலும் சோடியம் உண்டு. ரொட்டி, பிஸ்கட், உடனடி நூடுல்ஸுடன் வரும் மசாலாத் தூள், தக்காளிச் சாறு, வடஇந்தியக் கடைகளில் கிடைக்கும் புஜியா, சாட் மசாலா ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகக் கூறலாம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இருவழியில் புகுகிறது. சமையல் சோடாவும் சோடியம் கலந்ததே.

4. ஒரே நாளில் மாற்றியதன் விளைவு

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே தாய் ஊறுகாய்ச் சாடியை உயர்ந்த அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் முதல் குழம்பிலும் பொரியலிலும் உப்பை அறவே விட்டுவிட்டார். நல்ல எண்ணத்துடன் செய்த செயல்தான் அது.

பாட்டி யாரிடமும் குறைகூறவில்லை. ஆனால், சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீரிழிவு மாத்திரையை உட்கொண்டபின், உப்பில்லாத இட்லியில் பாதியை மட்டும் உண்டு எழுந்துவிட்டார். நண்பகலில் அவருக்குக் கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, பேச்சு தடுமாறியது. தந்தை வீட்டிலிருந்த கருவியால் அளந்தபோது சர்க்கரை 58 என்று காட்டிற்று. 70-க்குக் கீழே சென்றால் அது தாழ்சர்க்கரை நிலை. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தனர். கால் மணி நேரத்தில் மீண்டும் அளந்து, அளவு ஏறியதை உறுதிசெய்துகொண்டு உணவு கொடுத்தனர். 12 ஆண்டுகளாக இனிப்பைத் தொடாத பாட்டி, அன்று சர்க்கரை நீரைப் பருகித்தான் தெளிந்தார்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் உணவைக் குறைத்தால் தாழ்சர்க்கரை நேரலாம். ஆகவே, உப்பைக் குறைக்கும்போது உணவின் அளவு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. சுவையில்லாத உணவை முதியவர் ஒதுக்கிவிடுவார் என்பதை அன்று அந்தக் குடும்பம் உணர்ந்தது. நாவை வற்புறுத்த முடியாது; பழக்கத்தான் முடியும்.

5. பொட்டலத்தில் எழுதிய தேதி

"நம் வீட்டுச் சமையலில் உப்பு எப்போதுமே குறைவுதான்" என்று தாய் கூறினார். "ஆமாம்" என்றார் பாட்டி. எவ்வளவு குறைவு என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. பேத்தி ஒரு வழி கண்டாள். ஜனவரி 5-ஆம் நாள் புதிய ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்தபோது அதன்மீது தேதியை எழுதி வைத்தாள். முதல் பொட்டலம் தீரும்வரை சமையலில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். ஜனவரி 30-ஆம் நாள் பொட்டலம் தீர்ந்தது. அவள் போட்ட கணக்கு இது:

ஒரு கிலோ என்பது 1000 கிராம்.
25 நாளில் தீர்ந்ததால் ஒரு நாளைக்கு 40 கிராம்.
வீட்டில் 5 பேர் இருப்பதால் ஒருவருக்கு 8 கிராம்.

ஒருவருக்கு 5 கிராம் என்று கொண்டால் ஐவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். அவ்வாறாயின், பொட்டலம் 40 நாள்களுக்கு வர வேண்டும். அது 25 நாளிலேயே தீர்ந்திருந்தது. ஊறுகாய், அப்பளம், மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றில் இருந்த உப்பு இக்கணக்கில் சேரவில்லை. பாத்திரத்தில் ஒட்டியதும் வடித்த நீரில் போனதும் கழிக்கப்படவில்லை. ஆகவே இது தோராயக் கணக்கே. ஆயினும், "எப்போதுமே குறைவுதான்" என்ற நம்பிக்கையை அசைக்க இது போதுமானதாக இருந்தது. அந்தத் தாளைத் தாய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு மிகுந்தது பாட்டியின் தட்டில் மட்டுமன்று, ஐவர் தட்டிலும்தான் என்பது அப்போது புலப்பட்டது.

அன்றுமுதல் அனைவருக்கும் ஒரே சமையல் என்று முடிவாயிற்று. உப்பை ஒரே நாளில் விடாமல், வாரந்தோறும் சிறிதளவு குறைத்தனர். கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி, தேக்கரண்டியால் அளந்தனர். உண்ணும் இடத்திலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டனர்.

6. அட்டவணையைப் படித்தல்

பொட்டலத்தில் அடைத்து விற்கும் பெரும்பாலான உணவுகளின்மீது ஊட்டச்சத்து அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். அதில் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் தரப்பட்டிருக்கும். உப்பு என்ற சொல்லைத் தேடுபவருக்கு அது கண்ணில் படாது. சோடியம் என்ற சொல்லைத் தேட வேண்டும்.

சோடியத்தை உப்பாக மாற்றுவதற்கு எளிய வழி உண்டு. சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 2000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்புக்குச் சமம். ஒரு தின்பண்டத்தில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்க. அதில் 50 கிராம் உண்டால் 400 மில்லிகிராம் சோடியம் உடலில் சேரும். இரண்டரையால் பெருக்கினால் அது 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் உப்பு. மாலையில் கொறித்த ஒரு கைப்பிடித் தின்பண்டத்திலேயே ஒரு நாளைக்குரிய உப்பில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது.

அவ்வட்டவணையில் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற வரியும் இருக்கும். நீரிழிவும் அழுத்தமும் உள்ளவருக்கு வாங்கும்போது இவ்விரு வரிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 'சர்க்கரை இல்லாதது' என்று முகப்பில் எழுதிய பிஸ்கட்டில் சோடியம் மிகுதியாக இருக்கலாம்.

இந்த அட்டவணை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்படுகிறது. தமிழ் மட்டும் அறிந்த பாட்டியால் அதைப் படிக்க இயலாது. பள்ளியில் மூன்று மொழி கற்கும் பேத்தியால் இயலும். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்து, அதில் உள்ளதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வது அவள் பொறுப்பாயிற்று.

7. தட்டில் இடம்பெற வேண்டியவை

உணவிலிருந்து நீக்க வேண்டியவற்றைப் போலவே சேர்க்க வேண்டியவையும் உண்டு. அமெரிக்காவில் 459 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட 'டாஷ்' என்னும் உணவாய்வின் முடிவு 1997-இல் வெளியாயிற்று. காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால்பொருள் ஆகியவற்றை மிகுதியாகவும், கொழுப்பையும் இனிப்பையும் குறைவாகவும் உண்டவர்களுக்கு, உப்பின் அளவை மாற்றாதபோதும் அழுத்தம் குறைந்தது. உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளிகளுக்கு மேல் குறைந்தது. 2001-இல் வெளியான அடுத்த ஆய்வு, அவ்வுணவுடன் உப்பையும் குறைத்தால் அழுத்தம் மேலும் தாழ்கிறது என்று காட்டிற்று.

கீரை, காய், பருப்பு, பழம் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்திற்குத் துணைபுரிகிறது. அவற்றில் உள்ள நார்ச்சத்து, சர்க்கரை இரத்தத்தில் விரைந்து ஏறுவதைத் தடுக்கிறது. ஆகவே, ஒரே உணவு இரு நோய்களுக்கும் நலம் செய்கிறது. தட்டில் பாதியளவு காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரத உணவு என்று பிரித்துக்கொள்வது எளிய முறை. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி உண்டால் எத்தனை வேண்டுமானாலும் உண்ணலாம் என்று கருதுவது தவறு, கோதுமையும் மாவுச்சத்தே. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையை உயர்த்துவனவே. பழத்தைச் சாறாக்காமல், அளவோடு அப்படியே உண்ண வேண்டும்.

தில்லிக் குளிர்காலத்தில் வெந்தயக்கீரையும் கடுகுக்கீரையும் முள்ளங்கியும் மலிவாகக் கிடைக்கும். தாய் அவற்றைப் பருப்புடன் கூட்டாகச் செய்தார். உப்புக் குறைந்த இடத்தை எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கொத்துமல்லி, கறிவேப்பிலை ஆகியன நிரப்பின. தயிர்ச்சோற்றுக்கு மோர்மிளகாய்க்குப் பதிலாக, இஞ்சியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த வெள்ளரித் துண்டுகள் வந்தன. வடுமாங்காய் முற்றிலும் மறையவில்லை. ஞாயிறுதோறும் ஒரு சிறு துண்டு தட்டில் இடம்பெற்றது. "இது வடுமாங்காய் ஆகாது, ஆனாலும் தொட்டுக்கொள்ளலாம்" என்று வெள்ளரியைப் பற்றிப் பாட்டி தீர்ப்பளித்தார். சில வாரங்களில் நாவும் பழகிற்று. பக்கத்து வீட்டிலிருந்து வந்த கறியை உண்டு, "உப்புக் கரிக்கிறதே!" என்று அவரே கூறினார்.

8. மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

இந்துப்பும் கல்லுப்பும் உடலுக்குத் தீங்கு செய்யா என்று பலர் நம்புகின்றனர். அவையும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. நிறமும் வடிவமும் மாறுவதால் சோடியம் குறைந்துவிடாது. மேலும், அயோடின் சேர்க்காத உப்பை மட்டும் பயன்படுத்தினால் உடலுக்குத் தேவையான அயோடின் கிடைக்காமல் போகலாம். அயோடின் கலந்த உப்பைக் குறைந்த அளவில் பயன்படுத்துவதே நன்று.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 சிற்றூர்களில் நடைபெற்று 2021-இல் வெளியான ஆய்வில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் குறைந்தது தெரியவந்தது. ஆயினும், சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத்துடிப்பைப் பாதிக்கலாம். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்துவன. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு நேரக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அவ்வுப்பை வாங்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் இளநீர், பழம், கீரை ஆகியவற்றின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

அழுத்தம் குறைந்துவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. உணவு, மாத்திரைக்கு மாற்றன்று, அதன் துணை.

9. நீண்டு வந்த பொட்டலம்

ஜனவரி 30-இல் பிரித்த இரண்டாம் பொட்டலம் மார்ச் 1-ஆம் நாள்வரை, அதாவது 30 நாள்கள் வந்தது. மார்ச் 1-இல் பிரித்த மூன்றாம் பொட்டலம் ஏப்ரல் 8-ஆம் நாள்வரை, 38 நாள்கள் வந்தது. ஒருவருக்கு 8 கிராமாக இருந்தது ஏறத்தாழ 5¼ கிராமாகக் குறைந்திருந்தது.

அதே மாதத்தில் மருத்துவர் அளந்தபோது பாட்டியின் அழுத்தம் 134/82 ஆக இருந்தது. மாத்திரையும் உணவும் குளிர் நீங்கிய பருவமும் சேர்ந்து அளித்த பயன் அது. இலக்கை எட்ட இன்னும் சிறிது தொலைவு இருந்தது. மருத்துவர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுதோறும் பரிசோதிக்குமாறு அறிவுறுத்தினார். பேத்தி அதனையும் தமிழில் எடுத்துரைத்தாள்.

திரும்பும் வழியில் தம்பி கடையில் ஒரு பொட்டலம் மிக்சரை எடுத்தான். பாட்டி அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, பேத்தியிடம் நீட்டினார்.

"சோடியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல், கண்ணு. இரண்டரையால் பெருக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

தெரிந்து தெளிக: திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அதிலுள்ள குறள்களில் பல, மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றன. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918-இல் நீலகிரியின் குன்னூரில் ஒரு சிறு ஆய்வகமாகத் தொடங்கிற்று. அதுவே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

சொற்பொருள்

அறவே – முழுவதும்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
கணையம் – இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு
தோராயம் – ஏறக்குறைய உள்ள அளவு
படையல் – இறைவனுக்குப் படைக்கும் உணவு
மாவடு – மாம்பிஞ்சு
விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மருத்துவமனையில் பேத்தி செய்த பணி யாது?
2. சோடியத்தின் அளவை உப்பின் அளவாக மாற்றுவது எவ்வாறு?
3. முன்னோர் உணவில் உப்பை மிகுதியாகச் சேர்த்ததன் காரணம் யாது?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. நீரிழிவு, சிறுநீரகத்தின் பணிக்கு எவ்வாறு இடையூறு செய்கிறது?
2. தாய் ஒரே நாளில் உப்பை நிறுத்தியதால் நேர்ந்தது என்ன? அதிலிருந்து குடும்பம் கற்றது யாது?
3. பொட்டாசியம் சேர்த்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்பது ஏன்?

இ. பிரித்து எழுதுக.
1. உப்பில்லா 2. மனவுறுதி 3. நுண்குழாய் 4. தோராயக் கணக்கு

ஈ. பொருத்தமான சொல்லால் நிரப்புக.
1. சர்க்கரை 70-க்குக் கீழே செல்வது ________ நிலை.
2. உணவு, மாத்திரைக்கு மாற்றன்று, அதன் ________.
3. நாவை வற்புறுத்த முடியாது; ________ முடியும்.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் அடுத்த உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன்மீது தேதியை எழுதி வைக்கவும். தீர்ந்த நாளையும் குறிக்கவும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட்டு, அதனை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கவும். அவர்கள் கூறிய மறுமொழியைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படிக்கவும்.